விபத்து எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். எந்த எண்ணை நம்புவது?

#1 சாலையோரன்

எங்கள் நகரத்தின் சாலை விபத்து ஆண்டறிக்கை போன வாரம் வந்தது. முதல் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. மொத்த விபத்துகள் குறைந்துவிட்டனவாம். புரட்டிக்கொண்டே போனால் கடைசிப் பக்கங்களில் ஒரு சின்ன அட்டவணையில் உயிரிழப்பு. அது போன ஆண்டு எங்கே நின்றதோ கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. அதற்கு மட்டும் அம்புக்குறி போடவில்லை.

என் வீட்டு மாடியிலிருந்து ஒரு நாற்சந்தி முழுசாகத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது டயர் கிறீச்சிடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு பைக்காரரும் ஒரு கார்க்காரரும் ஆளுக்கு நாலு வார்த்தை திட்டிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடுவார்கள். தார் மேல் இரண்டு கறுப்புக் கோடுகள் மட்டும் மிச்சமிருக்கும். அது எந்த அறிக்கையிலும் வராது, இல்லையா?

ஒரு நகரம் பாதுகாப்பாகிக்கொண்டு வருகிறதா என்று தெரிந்துகொள்ள எந்த எண்ணைப் பார்க்கவேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் பேச்சு ஊர்ச்சண்டையில் போய் முடியும்.

#2 கணக்குப்பிள்ளை

அந்த அறிக்கையில் இருப்பது நடந்த விபத்துகளின் எண்ணிக்கை இல்லை, யாரோ எழுதிவைத்த விபத்துகளின் எண்ணிக்கை. அங்கிருந்து தொடங்குவோம். சின்ன உரசல்களைப் பதிவதைக் காவல் நிலையங்கள் நிறுத்திவிட்டால் அம்பு கீழே இறங்கும். காப்பீட்டுப் பணத்துக்குப் பதிவு கட்டாயம் என்று ஆக்கினால் அடுத்த வருடமே மேலே ஏறும். சாலையில் ஒரு கல்கூட நகர்ந்திருக்காது.

உயிரிழப்பை அப்படி மறைப்பது கடினம். அதனால் ஒப்பிடுவதற்கு அது கொஞ்சம் நம்பகமான எண். அதிலும் ஒரு நெளிவு உண்டு. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலை மரணம் என்று கணக்கில் எடுப்பது பல நாடுகளில் வழக்கம். சம்பவ இடத்தில் இறந்தவரை மட்டும் எழுதி, மருத்துவமனையில் பத்து நாள் கழித்து இறந்தவரைத் திருத்தி எழுதாமல் விட்டால் அந்த எண்ணும் பொய்தான்.

அப்புறம், ஒரு வருடத்தை முந்தைய வருடத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். ஏன் என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். 60 தாயக்கட்டைகளை, அதாவது ஆறு பக்கக் கட்டைகளை, உருட்டுங்கள். சுமார் பத்தில் ஆறு விழும். அந்தப் பத்தையும் "ஆபத்தான சந்திப்புகள்" என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். திரும்ப உருட்டுங்கள். சராசரி மூன்றரைக்கு இறங்கியிருக்கும். பெயின்ட் அடித்ததும் விபத்து கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது என்று அறிக்கை எழுதிவிடலாம்! இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். விபத்து அதிகமான இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வேலை செய்துவிட்டு, அடுத்த வருடக் குறைவை அந்த வேலையின் பலன் என்று சொல்வது இந்தத் துறையில் மிகப் பழைய தவறு. குறைந்தது மூன்று வருடச் சராசரி, கூடவே கை வைக்காத அதே மாதிரிச் சந்திப்புகள் சில. இரண்டும் இல்லாமல் யார் எதைச் சொன்னாலும் நான் தலையாட்ட மாட்டேன்.

#3 இரவுப்பணி

அவசரப் பிரிவில் செவிலியாகப் பல வருடம் இரவு வேலை பார்த்தவள். கணக்குப்பிள்ளை சொல்லும் "எழுதிவைத்த" விஷயத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

பைக்கில் தனியாக விழுந்து வருபவர்கள் பாதிப் பேர் "படியில வழுக்கிட்டேன்" என்பார்கள். முழங்கை முழுக்கத் தார் உரசிய காயம், அதற்குள் பொடிக்கல். எந்தப் படியில் தார் போட்டிருக்கிறார்கள்? போலீஸ், கேஸ், வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயம். நாங்களும் அவர் சொன்னதையே எழுதுவோம். இன்னொரு வண்டி சம்பந்தப்படாத விபத்து, சைக்கிளில் விழுந்தவர்கள், இருட்டில் பள்ளத்தில் இறங்கியவர்கள், இவர்களெல்லாம் காவல் துறைக் கணக்குக்குள் வருவது அபூர்வம். மருத்துவமனைப் பதிவேட்டையும் காவல் நிலையப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஊர்களில் எல்லாம் இரண்டும் ஒத்துப்போகாமல்தான் இருந்திருக்கிறது.

ஒரு இரவு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் கையில் ஹெல்மெட். புதுசு. ஒரு கீறல்கூட இல்லை. தாடைப் பட்டையின் கொக்கியில் தயாரித்த இடத்தில் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. தலையில் வைத்திருக்கிறான், ஆனால் ஒருநாளும் மாட்டியதில்லை. கணக்கெடுப்பவர் சாலையோரம் நின்று எண்ணினால் அவனை "ஹெல்மெட் அணிந்தவர்" என்றுதான் குறிப்பார். முறையாக மாட்டிய ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை ஆறில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முறையாக மாட்டிய என்ற இரண்டு வார்த்தையை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

#4 மூன்றாம் கியர்

22 வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். எண் எதுவானாலும் காரணம் ஒன்றுதான் தம்பி. யாருக்கும் ஒழுங்கு இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே கடக்கிறார்கள். பச்சை விழுவதற்கு முன்னாலேயே பைக் பாய்கிறது. என் கண்ணாடியில் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு ஹாரன் அடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து வளர்த்தால்தான் இது மாறும். மற்றதெல்லாம் கண்துடைப்பு.

#5 நடராஜா சர்வீஸ்

பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் நடக்கிற ஆள்.

மூன்றாம் கியர் அண்ணா, கோபிக்காமல் கேளுங்கள். என் அம்மாவுக்கு 74 வயது. வீட்டுப் பக்கத்துச் சிக்னலில் பச்சை மனிதன் விழுந்ததும்தான் இறங்குவார். ஒழுங்குக்கு ஒரு குறையும் இல்லை. பாதி தாண்டுவதற்குள் அவன் மினுங்க ஆரம்பித்துவிடுவான். அம்மா அங்கேயே நின்று முன்னே போவதா பின்னே வருவதா என்று பார்ப்பார். நான் ஒருநாள் மெனக்கெட்டு அளந்தேன். சாலை 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்பது சிக்னல் போடுபவர்கள் நீண்ட காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. அப்படியென்றால் 12 நொடி போதும். அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறார். அவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். அந்த ஐந்து நொடியை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பது?

2021இல் உலகம் முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், பைக்காரர்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணக் காரணங்களில் இதுதான் முதலிடம். தர மதிப்பீடு செய்த சாலைகளில் ஏறக்குறைய 80 சதவீதம், நடப்பவர்களுக்கான குறைந்தபட்ச மூன்று நட்சத்திரத்தைக்கூட எட்டவில்லை. நாங்கள் கடக்கத் தெரியாமல் கடப்பதாகச் சொல்கிறீர்கள். கடக்க இடம் எங்கே?

#6 ஹெல்மெட் மண்டை

தாயக்கட்டைக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு இருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள் 😄

விளையாட்டு போகட்டும். வாகனங்கள் இவ்வளவு பெருகியிருக்கின்றன. உயிரிழப்பு அதே அளவில் நிற்கிறது என்றால் அதுவே ஒரு வெற்றிதானே? பத்தாயிரம் வாகனங்களுக்கு இத்தனை என்று பார்த்தால் நிச்சயம் குறைந்திருக்கும்.

#7 கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1949இலேயே இதைக் காட்டிவிட்டார். 20 நாடுகளின் 1938ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துப் பார்த்தபோது, வாகனம் பெருகப் பெருக ஒரு வாகனத்துக்கான உயிரிழப்பு தானாகவே குறைகிறது என்று கண்டார். அதாவது நகராட்சி தூங்கிக்கொண்டிருந்தாலும் அந்த விகிதம் இறங்கும். வீட்டில் இரண்டாவது பைக் வாங்கி நிறுத்தினாலே விகிதம் "முன்னேறும்". நான் பார்ப்பது ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை இறப்பு என்பதை. கிடைத்தால், ஓட்டிய தூரத்துக்கு எத்தனை என்பதையும்.

தூரக் கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு 2020 போதும். தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் ஓட்டிய தூரம் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. உயிரிழப்பு குறையவில்லை, ஏறியது. சுமார் 39,000 பேர். சாலை காலியானது, மிச்சமிருந்தவர்கள் வேகமாக ஓட்டினார்கள். நெரிசல் அதுவரைக்கும் ஓசையில்லாமல் வேகத்தடையாக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

சாலையோரன் தொடங்கிய கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. நெரிசல் கூடினால் உரசல் கூடலாம், சாவு குறையலாம். சாலையை அகலப்படுத்தினால் உரசல் குறையலாம், சாவு கூடலாம். இரண்டையும் கூட்டி ஒரே அம்புக்குறியாகப் போட்டால் எது நடந்தது என்றே தெரியாது.

#8 மூன்றாம் கியர்

எல்லாம் வேகம் வேகம் என்கிறீர்கள். 50க்கும் 60க்கும் என்ன பெரிய வித்தியாசம்? பத்துதானே.

#9 கணக்குப்பிள்ளை

அண்ணா, இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுவோம். காய்ந்த சாலை, நல்ல பிரேக். கண்ணில் பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கில் விழ ஒன்றரை நொடி என்று வைப்போம்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒன்றரை நொடியிலேயே வண்டி 21 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க 14 மீட்டர். மொத்தம் 35.

60இல் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே 25 மீட்டர் போயிருக்கும். நிற்க இன்னும் 20. மொத்தம் 45.

இப்போது 35 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருகிறது. 50இல் வந்தவர் பந்துக்கு முன்னால் நின்று, நெஞ்சு படபடக்க, குழந்தையைத் திட்டிவிட்டுப் போவார். பக்கத்து வரிசையில் 60இல் வந்தவர் அதே இடத்தில் எவ்வளவு வேகத்தில் இருப்பார்? 10 கி.மீ. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் அப்போதுதான் பத்து மீட்டர் பிரேக் பிடித்திருப்பார். கணக்குப் போட்டால் 43 கி.மீ. வருகிறது. அந்த வேகத்தில்தான் மோதுவார்.

50 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 30இல் மோதினால் மூன்றரை மீட்டர். கால் ஒடியும், பிழைப்போம். சாலையில் போகிறவர்களின் சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

#10 மூன்றாம் கியர்

43ஆ? மறுபடி போட்டுப் பார்த்தேன். என் மகனையும் போடச் சொன்னேன். சரியாகத்தான் வருகிறது. விடுங்கள்.

ஆனால் நகரம் முழுக்க 30 என்று வைத்தால் என் நேர அட்டவணை என்ன ஆகும்? டிப்போவில் கேள்வி கேட்பது என்னைத்தான், உங்களை இல்லை.

#11 வடக்குவாசல்

வடக்கு ஐரோப்பாவில் வேலை பார்க்கிறேன். இங்கே பழகிப்போன விஷயம், அதனால் சொல்கிறேன்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரை பன்னிரண்டு மாதம் சாலை விபத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஏழு லட்சத்தை நெருங்கும் மக்கள் தொகை. 1980களின் கடைசியில் அங்கே வருடத்துக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். இன்று பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30தான் வேக வரம்பு. நார்வேயின் ஆஸ்லோவில் 2019இல் நடந்து போனவர் ஒருவரும் இறக்கவில்லை, சைக்கிளில் போனவரும் இல்லை. காரில் போன ஒரே ஒருவர் இறந்தார்.

எல்லாவற்றுக்கும் வேர் ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் எடுத்த முடிவு. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது, சாலையைப் போடுபவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்றார்கள். எதிரெதிரே வண்டிகள் மோதும் நெடுஞ்சாலைகளில் நடுவே கம்பிவடத் தடுப்பு கட்டினார்கள். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது, பைக்காரர்கள் இன்னும் அதைத் திட்டுகிறார்கள். ஆனால் தூங்கிப்போன டிரைவர் எதிர் லாரியில் மோதாமல் கம்பியில் உரசி நிற்கிறார்.

நேர அட்டவணை பற்றி: 2 கி.மீ. தூரத்தை 50இல் போனால் 2 நிமிடம் 24 நொடி. 30இல் போனால் 4 நிமிடம். வித்தியாசம் 96 நொடி. அதுவும் வழியில் ஒரு சிக்னலில்கூட நிற்காமல் போனால்தான். நகரத்துக்குள் அப்படி எப்போதாவது போயிருக்கிறீர்களா?

#12 மூன்றாம் கியர்

22 வருடத்தில் ஒரு தடவை. விடியற்காலை, ஊரடங்கு நாளில்.

#13 ஹெல்மெட் மண்டை

ஸ்வீடன், பின்லாந்து எல்லாம் பணக்கார நாடு. நல்ல சாலை, புது கார், வழிவிடும் ஜனங்கள். நம் மாதிரி இடத்துக்கு இது ஒத்துவராது என்று எல்லாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

#14 வடக்குவாசல்

வழிவிடும் ஜனங்கள் பிறந்ததிலிருந்தே அப்படி இல்லை. ஸ்வீடன் 1967 செப்டம்பர் 3ஆம் தேதி ஒரே நாளில் இடப்பக்கம் ஓட்டுவதிலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நாடு முழுக்கக் குழப்பம் வரும், பிணம் குவியும் என்று பயந்தார்கள். விபத்து குறைந்தது! எல்லாரும் பயந்து பயந்து கண்ணை அகலத் திறந்துகொண்டு ஓட்டினார்கள். பழகப் பழகப் பயம் போனது, 1969 வாக்கில் விபத்து பழைய அளவுக்கே வந்துவிட்டது. அதே ஜனங்கள்தான். விழிப்புணர்வு மட்டும் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை யாரும் செய்ததில்லை என்பது என் எண்ணம்.

பணக்கார நாடு இல்லாத உதாரணம் வேண்டுமென்றால் கொலம்பியாவின் பொகோட்டா. 1990களின் நடுவில் மேயராக இருந்த ஆண்டனாஸ் மோக்கஸ், சந்திப்புகளில் முகத்தில் வெள்ளை பூசிய மௌன நாடகக் கலைஞர்களை நிறுத்தினார். வரிக்குதிரைக் கோட்டின் மேல் காரை நிறுத்தினால் அவர்கள் வந்து நடித்துக் காட்டிக் கேலி செய்வார்கள், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அபராதத்தைவிட அந்தச் சிரிப்புக்குப் பயந்தவர்கள் அதிகம். நடந்து போனவர்கள் இறந்த இடங்களில் தரையில் நட்சத்திரம் வரைந்தார்கள். பிறகு வந்தவர்கள் நடைபாதை போட்டார்கள், சைக்கிள் பாதை போட்டார்கள், 2000இல் தனிப்பாதையில் ஓடும் பேருந்து வந்தது. பத்தாண்டுகளில் சாலை மரணம் பாதிக்கும் கீழே போனது.

#15 மூன்றாம் கியர்

பார்த்தீர்களா, கேலி செய்து ஒழுங்கைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் சொன்னதும் அதுதானே!

#16 நடராஜா சர்வீஸ்

நடைபாதை போட்டார்கள் என்ற வரியைத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே அண்ணா.

#17 நெறியாளர்

இருவரும் சிரித்துக்கொண்டே பேசும்வரை எனக்குப் பிரச்சினை இல்லை. விபத்துக் காணொளியைப் பதிவிட்ட ஒருவரின் பதிவை நீக்கியிருக்கிறேன். அடிபட்டவரின் முகம் தெரிந்தது. அவர் வீட்டிலும் யாராவது இணையம் பார்ப்பார்கள்.

#18 இரவுப்பணி

நன்றி நெறியாளரே.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டி வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் வருகிற நிலை மோசமாக இருக்கும். மாலை நெரிசலில் வருபவர்களுக்கு மணிக்கட்டு, கால் எலும்பு, உதடு கிழிந்தது, இப்படி. இரவு இரண்டு மணிக்கு வருபவருக்குத் தலையும் வயிறும். காலிச் சாலை, வேகம், குடி, தூக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்தால் மாலை ஆறு மணிதான் ஆபத்தான நேரம் என்று தோன்றும். ஒரு வண்டி பயணத்துக்கு எத்தனை சாவு என்று பார்த்தால் படம் தலைகீழ். எந்த நேரத்தில் காவலரை நிறுத்துவது என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் படத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நீண்ட நாள் காய்ந்து கிடந்த பிறகு பெய்யும் முதல் மழையும் அப்படித்தான். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து சவ்வு மாதிரி ஆகிவிடும். அன்று ராத்திரி எங்களுக்கு உட்கார நேரம் இருக்காது.

#19 சாலையோரன்

இழையைத் தொடங்கிவிட்டு நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டு படித்தேன். கணக்குப்பிள்ளை தனிமடலில் ஒன்றைச் சொன்னார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர் 1968இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார்களாம். விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல், சந்திப்பில் உட்கார்ந்து, மோதாமல் தப்பிய தருணங்களை எண்ணுவது. திடீரென்று எரியும் பிரேக் விளக்கு, சட்டென்று திருப்பும் ஹேண்டில், இவைதான் தரவு. பிறகு ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகம் அதைச் செம்மைப்படுத்தியது. நான் கேட்ட கேள்விக்கு, அந்த எந்த அறிக்கையிலும் வராத கிறீச் சத்தத்துக்கு, 1968இலேயே பெயர் வைத்து எண்ணியிருக்கிறார்கள்.

சரி என்று நேற்று மாலை ஆறு முதல் ஏழு வரை மாடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். இத்தனை வருடம் சத்தம் கேட்டால் மட்டும் எட்டிப் பார்த்தவன், தொடர்ந்து ஒரு மணி நேரம் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நாற்சந்தி நடுவில்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். அங்கே இரண்டே இரண்டு தடவை. அதிலும் ஒன்று நாய். மிச்சம் ஒன்பது தடவையும் நாற்சந்திக்கு முன்னால், பேருந்து நிற்கும் இடத்தில். வரிக்குதிரைக் கோடு நிறுத்தத்திலிருந்து நாற்பது அடி முன்னால் இருக்கிறது. கோட்டுக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் சாலைத் தடுப்பின் கம்பி ஒன்றை யாரோ வளைத்திருக்கிறார்கள். கம்பியின் அந்த இடம் மட்டும் துருவில்லாமல் பளபள என்று இருக்கிறது. அவ்வளவு கைகள் பிடித்துப் போயிருக்கின்றன. இறங்குகிறவர்கள் பேருந்தின் முன்பக்கமாக வந்து, தலையை நீட்டிப் பார்த்து, அந்த இடைவெளிக்கு ஓடுகிறார்கள். அதே நொடியில் பேருந்தைச் சுற்றிக்கொண்டு பைக் வருகிறது. ஒன்பதும் அச்சு எடுத்த மாதிரி ஒரே கதை.

ஒரு பெண், பள்ளிச் சீருடையில் பெண் குழந்தை. குழந்தை முன்னால் ஓடிவிட்டது. அந்தப் பெண் பையை விட்டுவிட்டுக் குழந்தையின் புத்தகப்பையைப் பிடித்து இழுத்தார். பைக்காரர் இரண்டு காலையும் தரையில் தேய்த்து நின்றார். பை கிழிந்து பென்சில் டப்பா சாலையில் உருண்டது. பைக்காரர் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார். அவர் கை நடுங்கியது மாடியிலிருந்தே தெரிந்தது.

இது வருட அறிக்கையில் பூஜ்யம்.

#20 நடராஜா சர்வீஸ்

கோடு நாற்பது அடி தள்ளி என்றால் யாரும் போகமாட்டார்கள். நானே போகமாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். இறங்கிய இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியும்போது முன்னால் நடந்து போய்த் திரும்பி வர மனசு வராது. கம்பியைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பியை வளைப்பார்கள்.

#21 மூன்றாம் கியர்

சாலையோரன், எனக்கு ஒன்று சொல்லுங்கள். நிறுத்தம் கோட்டுக்கு முன்னால் இருக்கிறதா, கோட்டைத் தாண்டி இருக்கிறதா? வண்டி போகும் திசையில் சொல்லுங்கள்.

#22 சாலையோரன்

முன்னால். பேருந்து நின்ற பிறகுதான் கோடு வரும்.

#23 மூன்றாம் கியர்

அப்படியானால் தப்பு அங்கேதான். இதை நான் எத்தனை வருடமாக டிப்போவில் சொல்கிறேன்!

நான் நிற்கிறேன். ஆள் என் மூக்குக்கு முன்னால் கடப்பார். எனக்கு அவரைத் தெரியும். என்னைத் தாண்ட வரும் பைக்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் என் பின்பக்கமும் ஒரு விளம்பரமும்தான். இரண்டு பேருக்கும் நடுவில் 12 மீட்டர் நீளத்துக்கு நான் சுவர் மாதிரி நிற்கிறேன். பல தடவை கையை வெளியே நீட்டிப் பைக்கை நிறுத்தியிருக்கிறேன். ஒரு தடவை நீட்டியும் பயனில்லை. அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

நிறுத்தத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் இறங்குபவர் என் பின்பக்கமாகக் கடப்பார். பின்னால் வருகிற எல்லாருக்கும் ஆள் முழுசாகத் தெரியும். நான் கிளம்பும்போதும் எனக்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். நிழற்குடையையும் கம்பத்தையும் பிடுங்கி நடவேண்டும், அவ்வளவுதான் செலவு. நாற்சந்தி ரொம்ப நெருக்கத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கவேண்டும், பேருந்தின் மூக்கு சந்திப்பை அடைக்கும். எவ்வளவு தூரம் இருக்கிறது என்று அளந்து போடுங்கள்.

#24 ஹெல்மெட் மண்டை

ஒழுங்கு, ஒழுங்கு என்றவர் கம்பத்தைப் பிடுங்கக் கிளம்பிவிட்டார்.

#25 மூன்றாம் கியர்

ஒழுங்கும் வேண்டும். கம்பத்தையும் பிடுங்கவேண்டும். உமக்கு என்ன ஐயா.

#26 கணக்குப்பிள்ளை

சாலையோரன், ஒரு நாள் எண்ணியதை வைத்து மனு எழுதவேண்டாம். "அன்றைக்கு மழை, அன்றைக்குத் திருவிழா" என்று ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். மூன்று வேலை நாள், காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் நேரம், யார் யார், எந்தப் பக்கமிருந்து, யார் பிரேக் பிடித்தார் என்று குறியுங்கள். அதே சாலையில் அடுத்த நிறுத்தத்தையும் எண்ணவேண்டும், அங்கே கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு. அது ஒப்பீட்டுக்கு. இல்லாவிட்டால் நாளைக்கு நிறுத்தத்தை மாற்றி எண்ணிக்கை குறைந்தால், தாயக்கட்டைக் கதையை என்னிடமே திருப்பிச் சொல்வீர்கள்.

ஒருவர் எண்ணுவதைவிட இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுவது நல்லது. ஒருவருக்கு ஆபத்தாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது.

#27 இரவுப்பணி

அந்த நிறுத்தத்தில் விழுந்தவர்கள் எங்கள் மாதிரி இடத்துக்கு வந்திருப்பார்கள். பக்கத்து மருத்துவமனையில் பெயர், முகவரி எதுவும் கேட்காமல், இடமும் நேரமும் மட்டும் கொடுக்கமுடியுமா என்று எழுதிக் கேளுங்கள். படியில் வழுக்கியவர்களையும் சேர்த்து.

#28 சாலையோரன்

அளந்துவிட்டேன். கோட்டிலிருந்து நாற்சந்தி 60 மீட்டர். பேருந்து நிற்க இடம் தாராளமாக இருக்கிறது.

செவ்வாய், புதன், வியாழன், காலை எட்டு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் ஏழு. அடுத்த நிறுத்தத்தில் எண்ண ஒரு ஆள் வேண்டும். அங்கே மாடி கிடையாது, வெயிலில் நிற்கவேண்டியிருக்கும். யாருக்கு முடியும்?

#29 மூன்றாம் கியர்

வியாழன் எனக்கு ஓய்வு நாள். வருகிறேன். எந்த ஊர் என்று தனிமடலில் சொல்லுங்கள்.